“ரெண்டே நிமிஷம், தூக்கிடலாம் சார்”: வீல்சேரில் வரும் பயணியை எப்படி இடம் மாற்றுவது?

தாமிரபரணிக்காரன்:

11 வருடமாக வீல்சேரில் இருக்கிறேன். தண்டுவடத்தில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. ஆனாலும் ஊர் சுற்றுவதை விடவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு விமான நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த கம்பெனி என்பது வேண்டாம்.

விமானத்துக்குள் நடைவழி சுமார் 50 செ.மீ. அகலம்தான். நம் வீல்சேர் 60 செ.மீ.க்கு மேல். அதனால் வாசலில் ‘ஐல் சேர்’ என்கிற ஒடுங்கிய நாற்காலிக்கு மாறி, உள்ளே போய், அதிலிருந்து சீட்டுக்கு மாற வேண்டும். ஏற இரண்டு தடவை, இறங்க இரண்டு தடவை. அன்று இரண்டு பையன்கள் வந்தார்கள். “எப்படித் தூக்கணும்னு சொல்றேன் தம்பி” என்று நான் ஆரம்பிப்பதற்குள் ஒருவர் பின்னாலிருந்து என் பேண்ட் இடுப்பைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். இன்னொருவர் கணுக்காலைப் பிடித்தார். சீட்டின் கைப்பிடியை யாரும் மேலே மடக்கவில்லை. அதன் மேலேயே இழுத்து அந்தப் பக்கம் போட்டார்கள். சட்டை மேலேறி, பேண்ட் கீழிறங்கிக் கிடந்தேன். மூன்று வரிசை ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வலிக்கவில்லை. எனக்கு வலிக்காது, அதுதான் ஆபத்தே. ராத்திரி விடுதியில் தம்பிதான் பார்த்துச் சொன்னான்: இடுப்பெலும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருக்கிறது என்று. ஆறு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். வேலைக்குப் போகவில்லை.

நம்மிடம் கேட்காமல் நம் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. ஐல் சேர் இல்லை, விமானத்துக்கு ஏற்றும் ஆம்புலிஃப்ட் வண்டி இல்லை, வந்தவருக்குத் தூக்கத் தெரியவில்லை என்றால், “வேண்டாம், காத்திருக்கிறேன்” என்று நாமே மறுத்துவிட வேண்டும். நாம் தலையாட்டிக்கொண்டே இருந்தால் இது மாறவே மாறாது. என்ன சொல்கிறீர்கள்?

நடைமேடை5:

தம்பி, உங்களுக்கு நடந்தது தப்புதான். ஆனால் எல்லாரும் மறுத்துவிடுங்கள் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 31 வருடம் ரயில் நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

கணக்கைப் பாருங்கள். உயரமான நடைமேடை என்றாலே தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 செ.மீ.தான். பெட்டியின் தரை 1.2 மீட்டருக்கு மேலே இருக்கிறது. நடுவில் ஏறக்குறைய 40 செ.மீ. உயரம், கூடவே ஒரு இடைவெளி. சாய்தளம் 1:12 சரிவில் இருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் 40 செ.மீ. ஏற 5 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பலகை வேண்டும். அதை விரித்து வீல்சேரைத் திருப்ப எத்தனை நடைமேடையில் இடம் இருக்கிறது? 2 மீட்டர் பலகை போட்டால் சரிவு 1:5. அதில் ஆளோடு சேர்த்துத் தள்ளுவதற்கு எனக்கே கை நடுங்கும்.

மாற்றுத்திறனாளி பெட்டி பெரும்பாலும் வண்டியின் ஒரு கோடியில் இருக்கும். இடைப்பட்ட ஊரில் வண்டி நிற்பது 2 நிமிடம். அந்த 2 நிமிடத்தில் டீ விற்பவரும் போர்ட்டரும் வழியனுப்ப வந்தவரும் ஓடிவந்து தூக்கி ஏற்றுகிறார்கள். யாரும் காசு கேட்டதில்லை. அந்த மனசைக் குறை சொல்லாதீர்கள். காத்திருக்கிறேன் என்றால் வண்டி போய்விடும், அடுத்தது மறுநாள்தான்.

வேலூர்மகள்:

ஐயா, ஓடிவருகிற அந்த நாலு பேரும் ஆண்கள். நான் பெண். அதை எங்கேயாவது கணக்கில் சேர்த்தீர்களா?

மும்பையைச் சேர்ந்த விராலி மோதி என்ற வீல்சேர் பயணி, ரயிலில் ஏற்றிவிட வந்த போர்ட்டர்கள் தன்னைத் தவறாகத் தொட்டதை வெளிப்படையாகச் சொல்லி, ரயில்களை எல்லாரும் ஏறும்படி மாற்றக் கேட்டு இணையத்தில் மனு போட்டார். லட்சக்கணக்கில் கையெழுத்து வந்தது. அதற்குப் பிறகுதான் கேரளத்தில் சில நிலையங்களுக்கு மடக்குச் சாய்தளம் வந்தது. அவர் சொன்னதைப் படித்தபோது என் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கும் அப்படி நடந்திருக்கிறது. உதவிக்கு வந்தவரை எப்படித் திட்டுவது என்று வாயை மூடிக்கொண்டேன். இன்று அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

நல்ல மனசோடு வருகிறவர் கையும் அக்குளில்தான் போகிறது, மார்பின் மேல்தான் படுகிறது, எங்கே பிடிப்பது என்று அவருக்குத் தெரியாததால். கேட்டுவிட்டுப் பிடித்தால் எனக்கு மானமும் போகாது, தோள் மூட்டும் கழலாது. இரண்டும் ஒரே விஷயம் ஐயா.

அப்புறம் இது தர்மம் கிடையாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு பேருந்து, ரயில், விமானம் எல்லாவற்றிலும் நாங்கள் ஏறுவதற்கு வழி செய்ய வேண்டும் என்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷை 2012இல் விமானத்திலிருந்து இறக்கிவிட்டதற்கு 2016இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அவர் ஒரு கருத்தரங்குக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

அம்பத்தூர்மருமகள்:

நீங்கள் எல்லாம் பேசத் தெரிந்தவர்கள், அதனால் “என்னைக் கேளுங்கள்” என்கிறீர்கள். எங்கள் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து 3 வருடம் ஆகிறது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. 78 கிலோ. வீட்டில் நானும் அவரும் அத்தையும்தான், கணவர் வெளிநாட்டில். குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றால் எனக்குத் தேவை இரண்டு பலமான கைகள். அவர்கள் பயிற்சி எடுத்தவர்களா என்று நான் கேட்டுக்கொண்டு நின்றால் மாமா வெயிலில் உட்கார்ந்திருப்பார்.

தாமிரபரணிக்காரன் தம்பி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்கிற மறுப்பை எல்லாரும் கடைப்பிடித்தால், உதவிக்கு வருகிற ஒன்றிரண்டு பேரும் “நமக்கு எதுக்கு வம்பு” என்று ஒதுங்கிவிடுவார்கள். நஷ்டம் எங்களுக்குத்தான்.

தாமிரபரணிக்காரன்:

அக்கா, நீங்கள் சொல்வதில் ஒரு பாதி என்னை யோசிக்க வைத்தது. பேச முடியாதவரை நான் நினைத்துப் பார்க்கவில்லை, அது என் தவறு. ஆனால் மாமா உடம்பு உங்களுக்குத் தெரியுமே. அவர் சார்பில் நீங்கள் சொல்லலாம், வந்தவர் கேட்கலாம். பத்து விநாடி ஆகுமா?

ஐயா சொன்ன 40 செ.மீ. பற்றி ஒன்று. சென்னை மெட்ரோவில் நடைமேடையும் பெட்டியும் ஒரே மட்டம். அதில் நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒருவர்கூட என்னைத் தொட்டதில்லை. 2024 ஆகஸ்டில் சென்னையில் விட்ட தாழ்தளப் பேருந்து ஒரு பக்கம் சாய்ந்து இறங்கும், பலகையை விரித்தால் உருட்டிக்கொண்டு ஏறிவிடலாம். அந்த உயரத்தை யாரோ ஒருவர் வரைபடத்தில் முடிவு செய்தார். இன்னொருவர் மாற்றி வரையலாம். நாம் தூக்கிக்கொண்டே இருந்தால் மாற்றி வரைய அவசியம் என்ன இருக்கிறது?

தரைப்பணி_முன்னாள்:

6 வருடம் விமான நிலையத்தில் வீல்சேர் தள்ளினேன். அந்த இரண்டு பையன்கள் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கொடுத்த பயிற்சி ஒரு வீடியோ, ஒரு கையெழுத்து. உண்மையான ஆளைத் தூக்கிப் பார்த்ததே கிடையாது. முதல் நாள் முதல் பயணியே 90 கிலோ. குனிந்து தூக்கினேன், முழங்காலை மடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாலாவது வருடம் முதுகு டிஸ்க் போய்விட்டது. இன்றைக்கும் ஒரு பக்கெட் தண்ணீர் தூக்க முடியாது. எனவே பாதுகாப்பாகத் தூக்குவது பயணிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

மறுக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. விமானத்தின் கதவில் நின்று மறுத்தால் கீழே வேலை செய்கிறவன்தான் திட்டு வாங்குவான், மேலே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. புக்கிங் செய்யும்போதே சண்டை போடுங்கள். உதவிக்கு மூன்று குறியீடு உண்டு. டபிள்யூசிஎச்ஆர் என்றால் படி ஏறுவார், தூரம்தான் நடக்க மாட்டார். டபிள்யூசிஎச்எஸ் என்றால் படி ஏற முடியாது, உள்ளே சீட் வரை நடப்பார். டபிள்யூசிஎச்சி என்றால் சீட் வரை கொண்டுபோக வேண்டும். டிராவல் ஏஜென்ட் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதைப் போட்டுவிடுவார். எங்களுக்குத் தரும் துண்டுச்சீட்டில் அதுதான் வரும், ஐல் சேர் இல்லாமல் போய் நிற்போம். 48 மணி நேரம் முன்னாலேயே ‘சி’ என்று போட்டிருக்கிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள். கைப்பிடி மடங்குகிற சீட் எது என்றும் கேளுங்கள், எல்லா வரிசையிலும் மடங்காது.

தாமிரபரணிக்காரன்:

அண்ணே, வீடியோ பயிற்சி என்கிறீர்களே, அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024 டிசம்பரில் போட்ட விதி அதைத்தான் மாற்றச் சொன்னது. பயணியைத் தூக்குகிற ஊழியர் வருடத்துக்கு ஒரு தடவை கையால் செய்து காட்டிப் பயிற்சி எடுக்க வேண்டும் என்றது. உதவி பாதுகாப்பாகவும் மரியாதையாகவும் இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதினார்கள்.

தரைப்பணி_முன்னாள்:

அதை எதிர்த்து 2025 பிப்ரவரியில் விமான நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காகிதத்தில் விதி வந்தால் போதாது தம்பி. ஆனால் வருடப் பயிற்சி இருந்திருந்தால் என் முதுகு தப்பித்திருக்கும். அதில் உங்களோடு நிற்கிறேன்.

நடைமேடை5:

வேலூர்மகள் எழுதியதை நேற்று ராத்திரி மறுபடி படித்தேன். என் காலத்தில் எத்தனை பெண்களைத் தூக்கி ஏற்றச் சொல்லி நானே போர்ட்டரை அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டுத் தொடு என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மன்னித்துக்கொள் அம்மா.

ஆனால் மறுப்பு விஷயத்தில் நான் மாறவில்லை. நடைமேடையைத் தூக்கிக் கட்ட 20 வருடம் ஆகலாம். அதுவரை அம்பத்தூர் அம்மா வீட்டிலேயே இருக்க முடியுமா? அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். முடிந்தவரை வண்டி கிளம்புகிற ஊரிலேயே ஏறுங்கள். கிளம்பும் இடத்தில் வண்டி அரை மணி நேரமாவது முன்னால் வந்து நிற்கும், 2 நிமிடப் பதற்றம் இருக்காது. முந்தின நாளே நிலைய மேலாளர் அறைக்குப் போய், எந்தப் பெட்டி, எத்தனை கிலோ, எந்த வகை வீல்சேர் என்று எழுதிக் கொடுங்கள். இறங்குகிற ஊருக்கும் 139 என்ற ரயில்வே உதவி எண்ணில் சொல்லி வையுங்கள். ஏறுவதைப் பற்றியே எல்லாரும் கவலைப்படுகிறார்கள். இறங்கும்போதுதான் ஆள் இல்லாமல் மாட்டிக்கொள்வார்கள்.

வேலூர்மகள்:

நன்றி ஐயா.

வேலூர் பாகாயத்தில் டாக்டர் மேரி வர்கீஸ் 1966இல் ஆரம்பித்த மறுவாழ்வு நிலையத்தில்தான் நான் இதையெல்லாம் கற்றேன். 1954இல் விபத்தில் தண்டுவடம் போன பிறகு வீல்சேரில் உட்கார்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர் அவர். அங்கே எனக்கு முதலில் பழக்கியது, என்னைத் தூக்குகிறவருக்கு நானே உத்தரவு கொடுக்க.

வேறு வழியே இல்லாமல் இரண்டு பேர் தூக்கியே ஆக வேண்டும் என்றால் நான் சொல்வது இது. வீல்சேர் பிரேக்கைப் போடுங்கள், கைப்பிடியை மடக்குங்கள். நான் கைகளை மார்போடு கட்டிக்கொள்வேன். உயரமானவர் பின்னால் நின்று, என் அக்குள் வழியாகக் கையை விட்டு, என் முன்கைகளைப் பிடிக்க வேண்டும். கட்டிய என் கை நடுவில் இருப்பதால் அவர் கை என் உடம்பில் படாது. அடுத்தவர் முழங்காலுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துத் தாங்க வேண்டும், கணுக்காலைப் பிடிக்கவே கூடாது. எண்ணுவது நான். மூன்று என்றதும் தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும், போடக் கூடாது. என் குஷன் எனக்கு முன்னால் சீட்டுக்குப் போய்விட வேண்டும். சேலை, துப்பட்டா சக்கரத்தில் சிக்காமல் முடிந்துகொள்வேன். முடிந்த இடத்தில் பெண் ஊழியரைக் கேட்பேன்.

கதீட்டர், அதாவது சிறுநீர்க் குழாய், வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் சிறுநீர்ப் பையைக் காலி செய்து, மாறப் போகிற பக்கத்துக்கு முதலில் பையை மாற்றிவிடுங்கள். இழுபட்டால் ரத்தம் வரும்.

ஒரே எச்சரிக்கை: அக்குள் வழியாகத் தூக்குவது பக்கவாதம் வந்தவருக்கு ஆகாது. செயலிழந்த பக்கத்துத் தோளில் பிடிமானம் இருக்காது, மூட்டு நழுவிவிடும்.

அம்பத்தூர்மருமகள்:

அம்மா, கடைசி வரியைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. போன தடவை கோயில் போய் வந்ததிலிருந்து மாமா வலது தோளைத் தொட்டாலே முகத்தைச் சுளிக்கிறார். வயசு காரணம் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அன்று மூன்று பேர் அக்குளில் கை கொடுத்துத்தான் தூக்கினார்கள். நான்தான் கூப்பிட்டேன்.

அடுத்த மாதம் மறுபடி போகிறோம். இடது காலை ஊன்றிக் கொஞ்சம் நிற்பார். எப்படி மாற்றுவது என்று சொல்லுங்கள். பேச முடியாதவரிடம் எப்படிக் கேட்பது?

வேலூர்மகள்:

அக்கா, நீங்கள் தெரிந்து செய்யவில்லை. முதலில் அந்தத் தோளை டாக்டரிடம் காட்டுங்கள், தேய்க்காதீர்கள்.

நிற்கிறார் என்றால் அவரைத் தூக்கவே வேண்டாம். அவருடைய நல்ல பக்கம், அதாவது இடது பக்கம், சீட்டை ஒட்டி இருக்கும்படி வீல்சேரை நிறுத்துங்கள். இடுப்பில் அகலமான பட்டை ஒன்று கட்டுங்கள், பிசியோதெரபிஸ்ட் கொடுப்பார். வலது கையை மடியில் வைத்து ஒரு துண்டால் தாங்கிவிடுங்கள், அதைப் பிடித்து யாரும் இழுக்கக் கூடாது. பாதம் இரண்டும் தரையில் இருக்கட்டும், உங்கள் முழங்கால் அவருடைய வலது முழங்காலை முட்டுக்கொடுக்கட்டும். பட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாயச் சொல்லி, எழுந்து, இடது காலில் திரும்பி, உட்கார வேண்டும். பிசியோ முன்னால் வீட்டில் நாலைந்து நாள் பழகிப் பாருங்கள்.

கேட்பதற்கு அவர் இடது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். “மாமா, எழுந்திருக்கலாமா?” என்று கேட்டுவிட்டு, அவர் அழுத்தும்வரை பொறுத்திருங்கள்.