கடிதம் வந்தால் ஆள் குடியிருக்கிறார் என்று அர்த்தமா?

ஈஸ்ட்ஹாம்வாசி: இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) குறைந்த வாடகைக்குக் கொடுத்த வீட்டை வேறு ஆட்களுக்கு வாடகைக்கு விட்டவரைப் பற்றிய பேச்சில் நல்லூரான் நேற்று எழுதியது: "கடிதம் ஆளின் பெயருக்கு வந்தால் ஆள் அங்கேதான் இருக்கிறார். கவுன்சில் என்ன செய்யும்?" வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மாடியில் ஒரு கவுன்சில் வீடு. அது யார் பெயரில் இருக்கிறதோ அவர் வேறு ஊரில் சொந்த வீட்டில் இருக்கிறார். இங்கே அறைக்கு அறை ஆட்கள், அடிக்கடி புதுமுகம். யாரும் கேட்டால் "மச்சான் வீடு" என்று சொல்ல வேண்டுமாம். மாதக் கடைசியில் வந்து காசையும் கடிதக்கட்டையும் வாங்கிக்கொண்டு போகிறார். இது மோசடி இல்லையா?

நல்லூரான்: கடிதம் வருகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் என்ன? லொட்ஜர் (வீட்டின் ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவர்) வைக்கச் சட்டமே இடம் தருகிறது.

ஈஸ்ட்ஹாம்வாசி: லொட்ஜர் வைப்பவர் தானும் அதே வீட்டில் இருக்க வேண்டும் ஐயா! 2013இல் இதற்கென்றே சட்டம் வந்தது. தான் வெளியேறிவிட்டு, நேர்மையில்லாமல் வாடகைக்கு விட்டால் 2 ஆண்டு வரை சிறை. அடித்த லாபத்தையும் கட்டச் சொல்லலாம். விசாரிப்பவர்கள் வங்கியிடமும் மின்சாரக் கம்பனியிடமும் விவரம் கேட்கலாம். உங்கள் கடிதத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

கலா_குரொய்டன்: சுகமில்லாத அம்மாவைப் பார்க்க யாழ்ப்பாணம் போய்ச் சில மாதம் நின்றேன். வீடு பூட்டியே கிடந்தது. யாரோ பெயர் போடாமல் கவுன்சிலுக்கு எழுதிப்போட, விசாரிக்க ஆள் வந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் அலுமாரி வரை திறந்து காட்டினேன். நம் சனத்துக்குக் காட்டிக்கொடுப்பது கைவந்த கலை.

ஈஸ்ட்ஹாம்வாசி: அக்கா, நீங்கள் யாருக்கும் வாடகைக்கு விடவில்லையே. திரும்பி வரும் எண்ணத்தோடு போனவரையும் வீட்டை வைத்துச் சம்பாதிப்பவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். இங்கிலாந்தில் சுமார் 13 லட்சம் குடும்பங்கள் இப்படியான வீட்டுக்காக வரிசையில் நிற்கின்றன. எங்கள் மாடியில் இருக்கும் பெடியன்களுக்கோ ரசீதும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. நாளைக்கு வீட்டைக் கவுன்சில் எடுத்தால் தெருவில் நிற்கப்போவது அவர்கள்தான்.

கலா_குரொய்டன்: அப்போ அவர்களைத் தெருவில் விடத்தான் நீங்கள் எழுதிப்போடுகிறீர்களா?

செல்வம்72: நல்லூரான் ஏன் இவ்வளவு துடிக்கிறார்? கோயில் கணக்கு கேட்டபோதும் இப்படித்தான் குதித்தார்.

நல்லூரான்: கோயிலை இழுக்காதே. கணக்கு சுவரில் ஒட்டியிருந்தது. கடிதத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம்வாசி: சொல்லியாகிவிட்டது. கவுன்சில் இணையப்பக்கத்தில் முறைப்பாடும் போட்டுவிட்டேன். என் பெயர் கொடுக்கத் தேவையில்லை. கதவிலக்கம், காசு வாங்க வரும் நாள், கார் நிறம், எல்லாம் எழுதினேன். நானாகப் போய்க் கதவைத் தட்டவில்லை, அது விசாரிப்பவர்களின் வேலை. காட்டிக்கொடுப்பு என்றால் அப்படியே சொல்லிக்கொள்ளுங்கள்.

கலா_குரொய்டன்: பெருமையைப் பாருங்கள்!

நல்லூரான்: ஆக, கடிதம் வருகிறது. ஒத்துக்கொண்டீர்கள்.

ஈஸ்ட்ஹாம்வாசி: அந்தக் கடிதத்தை அவர் எந்த வீட்டில் இருந்து வாசிக்கிறார்? அதைச் சொல்லுங்கள்.

செல்வம்72: சுவரில் ஒட்டிய கணக்கில் தேர்ச் செலவு எங்கே, நல்லூரான்?