சாப்பிட்டும் தசை கரைகிறதே, மருந்து ஏதும் வந்திருக்கிறதா?

வேலூர்க்காரி: அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய், கீமோ போய்க்கொண்டிருக்கிறது. முட்டை, கஞ்சி, புரோட்டீன் பவுடர் எல்லாம் கொடுத்தும் தொடைச் சதை கரைந்து, வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. இதற்கு ஆராய்ச்சி ஏதாவது நடக்கிறதா?

ராகவ்_பயோ: இது பட்டினி மெலிவு இல்லைங்க. கட்டியும் அதை எதிர்க்கும் உடம்பும் சுரக்கும் அழற்சிப் பொருள்கள் தசைப் புரதத்தை உடைத்துக்கொண்டே இருக்கும், பசியையும் அடக்கும், அதனால்தான் சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்ட முடிவதில்லை. கெக்கெக்சியா என்பார்கள். ஜிடிஎஃப்15 என்ற புரதம் மூளைத்தண்டில் வேலை செய்து பசியை அணைக்கிறது; அதைத் தடுக்கும் பொன்செக்ரோமாப் ஊசியை 187 பேரிடம் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். அதிக டோஸ் போட்டவர்களுக்கு 12 வாரத்தில், போலி மருந்துக் குழுவைவிட எடை சுமார் 2.8 கிலோ கூடுதல். இரண்டாம் கட்டச் சோதனைதான், கடையில் தேடாதீர்கள்.

சித்ரா: ஜப்பானில் 2021-லேயே பசியைத் தூண்டும் அனமொரெலின் மாத்திரைக்கு அனுமதி கொடுத்தாச்சே?

ராகவ்_பயோ: ஆமாம், ஆனால் அதில் எடை ஏறியது, கைப்பிடி வலு ஏறவில்லை. ஐரோப்பாவில் 2017-ல் மறுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், தராசு காட்டும் எண்ணைவிட அவர் தானே எழுந்து நடப்பதுதான் முக்கியம்.

மணி_புதுவை: எங்கள் ஊர் ஜிப்மர் ஆய்வைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! 124 பேர், கீமோவோடு தினம் 2.5 மி.கி. ஓலான்சபின், மனநோய்க்குத் தரும் பழைய, மலிவான மாத்திரை. எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியவர்கள் 60 சதவீதம், போலி மாத்திரைக் குழுவில் 9 சதவீதம்தான். தூக்கம் வரும், நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், புற்றுநோய் டாக்டரிடம் பேரைச் சொல்லிக் கேளுங்கள்.

வேலூர்க்காரி: சரி, வியாழக்கிழமை ஓபி இருக்கிறது, கேட்கிறேன்.