மாஸி 35 (3 சிலிண்டர் பெர்க்கின்ஸ்): வால்வு தேய்த்தால் போதுமா, சீட் வெட்டணுமா?

வண்டல்மண்:
வண்டி மாஸி பெர்குசன் 35, மூணு சிலிண்டர் பெர்க்கின்ஸ் டீசல். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்குது. ஆனதும் ரெண்டு நிமிஷம் வெள்ளைப் புகை, ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிக்குது. சூடானதும் சத்தம் சீராயிடும், ஆனா கலப்பையை இறக்கினா இழுவை இல்லை. டீசல் அடிக்கிற நாசில் மூணும் டெஸ்ட் பெஞ்சில் பார்த்தாச்சு, ஸ்பிரே சரி. கம்ப்ரஷன் (ச.செ.மீ.க்கு) 1-லும் 3-லும் 25 கிலோ, 2-ல் 17 கிலோ. டேப்பட் (வால்வை அமுக்குற ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் உள்ள இடைவெளி) பார்த்தப்போ 2-வது எக்ஸாஸ்ட்ல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற தகடு) நுழையவே இல்லை.

ஹெட்டை இறக்கி, வால்வையும் அது உட்காருற சீட்டையும் பேஸ்ட் (அரைக்கிற பசை) போட்டு கையால் தேய்த்தா போதுமா, இல்லை சீட்டை வெட்டணுமா? ஒரே வால்வு மாத்தலாமா, ஆறும் மாத்தணுமா? பட்டறையில் என்னன்னு சொல்லிக் கொடுக்கணும்? டேப்பட் இடைவெளி, ஹெட் டைட் அளவும் வேணும்.

லேத்துக்காரன்:
ஹெட்டில் கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு. கேஜ் நுழையலைன்னா அந்த வால்வு முழுசா உட்காரவே இல்லைன்னு அர்த்தம். ராக்கர் அதைப் பிடிச்சு வச்சிருக்கு. அந்த நிலைமையில் எடுத்த 17 கிலோவை நம்ப முடியாது. டேப்பட்டைத் தளர்த்தி 12 தவ் (தவ்னா அங்குலத்தில் ஆயிரத்தில் ஒண்ணு; 0.30 மி.மீ.) வச்சிட்டு மறுபடி கம்ப்ரஷன் பாருங்க. மத்த ரெண்டுக்குப் பக்கத்தில் வந்துட்டா வால்வு இன்னும் எரியலை, தப்பிச்சீங்க. மூணு சிலிண்டருக்கும் வித்தியாசம் 3.5 கிலோவுக்குள்ள இருக்கணும்.

ஏறலைன்னா காத்து டெஸ்ட். பழைய நாசில் பாடி ஒண்ணுல ஹோஸ் நிப்பிள் வெல்டு பண்ணி, நாசில் ஓட்டையில் மாட்டுங்க. அந்த பிஸ்டனை கம்ப்ரஷன் டாப்ல (ரெண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில் நிக்கிற இடம்) நிறுத்தி 5 கிலோ காத்து விடுங்க. கொஞ்சம் முன்னபின்ன நின்னாலும் காத்து கிராங்கைச் சுத்திடும், அதனால் ஃபேன் பக்கம் கை வேண்டாம், கியரில் போட்டு பிரேக் பிடிச்சிருக்கட்டும். சைலன்சர்ல சீறினா எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் கிளீனர் பக்கம்னா இன்லெட். ஆயில் ஊத்துற வாயில் வந்தா பிஸ்டன் ரிங் அல்லது லைனர், ரேடியேட்டர்ல குமிழி வந்தா ஹெட் கேஸ்கெட் இல்லைன்னா விரிசல். ரிங்கில் போகுதுன்னா வால்வு வேலை மட்டும் செஞ்சு பிரயோஜனம் இல்லை, காசுதான் போகும்.

பழைய35:
சாமான் வாங்குறதுக்கு முன்னாடி இன்ஜின் நம்பரைப் பாருங்க. 35-ன்னு போர்டு இருந்தா மட்டும் போதாது. 1959-க்கு முந்தின டீசல் 35-ல் ஸ்டாண்டர்டு 23சி நாலு சிலிண்டர் இன்ஜின், அது வேற ஜாதி. மூணு சிலிண்டர்லயும் ரெண்டு உண்டு: பி3.144, 3ஏ.152. ரெண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்) 127 மி.மீ. தான். ஆனா 144-க்கு போர் (சிலிண்டர் விட்டம்) 88.9, 152-க்கு 91.4. 144-ல் ஹெட்டுக்குள்ள தனி அறை இருக்கும், 152 நேரடியா பிஸ்டன் மேல அடிக்கிற டைப். ஹெட்டும் கேஸ்கெட்டும் ஒண்ணுக்கொண்ணு சேராது. பழைய வண்டிகளில் இன்ஜின் மாத்தி வச்சிருப்பாங்க, ஆர்.சி. புத்தகத்தை நம்பி வாங்காதீங்க.

வண்டல்மண்:
152 தான். டேப்பட் தளர்த்தியும் 2-ல் 18 கிலோவுக்கு மேல ஏறலை. காத்து விட்டா சைலன்சர்ல சீறுது. ஹெட் இறக்கியாச்சு. 2-வது எக்ஸாஸ்ட் வால்வு ஓரத்தில் நகம் அளவுக்கு எரிஞ்சு பள்ளம். மத்த ரெண்டு எக்ஸாஸ்ட்லயும் கரும்புள்ளி, இன்லெட் மூணும் சுமார். உள்ளூர் மெக்கானிக் ஒரு வால்வு மட்டும் போட்டு பேஸ்ட்ல தேய்ச்சிடலாம்னு சொல்றார்.

லேத்துக்காரன்:
தேய்க்கிறது கடைசி வேலை. எரிஞ்ச சீட்டில் புது வால்வைப் போட்டு தேய்ச்சீங்கன்னா, சீட்டில் இருக்கிற பள்ளம் போறதுக்குள்ள புது வால்வு முகத்தில் வாய்க்கால் விழுந்துடும். மூணு மாசத்தில் அதே இடத்துக்கு வந்து நிப்பீங்க.

வரிசை இதுதான்: முதல்ல கைடு (வால்வு தண்டு ஓடுற குழாய்), அப்புறம் சீட், அப்புறம் வால்வு முகம், கடைசியா பேஸ்ட். சீட் கட்டர் கைடுக்குள்ள பைலட் கம்பியை விட்டுத்தான் நிக்கும். கைடு தேஞ்சு முட்டை வடிவமாயிருந்தா சீட்டும் கோணலாத்தான் வெட்டும். வால்வை சீட்டிலிருந்து ஒரு செ.மீ. தூக்கி, ராக்கர் தள்ளுற திசையில் ஆட்டிப் பாருங்க, ஆட்டம் அதிகம் அங்கதான் தெரியும். தண்டை மைக்ரோமீட்டர்ல ரெண்டு இடத்தில் அளங்க: காலட் (தண்டில் ஸ்பிரிங்கைப் பூட்டுற பிளவுத் துண்டு) பக்கத்தில் தேயாத இடம், நடுவுல தேஞ்ச இடம். சில 152 ஹெட்டில் தனி கைடே இருக்காது, வார்ப்பிலேயே துளை. அதுக்கு துளையை ரீமர் போட்டு, தண்டு பெருசான ஓவர்சைஸ் வால்வு போடணும். புது கைடு வாங்கி வச்சுட்டு அப்புறம் முழிக்காதீங்க.

அடுத்தது சீட். கோணம் 45 டிகிரி. கரி நீக்கி, இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவுல இருக்கிற பாலத்தில் சிவப்பு டை (விரிசலைக் காட்டுற சாயம்) அடிச்சு விரிசல் பாருங்க, எரிஞ்ச சிலிண்டர்ல கட்டாயம். வெட்டினதுக்கப்புறம் சீட் பட்டை இன்லெட்ல ஒண்ணரை மி.மீ., எக்ஸாஸ்ட்ல ரெண்டு வரை இருக்கலாம். வால்வு சூடு சீட் வழியாத்தான் ஹெட்டுக்குப் போகணும், எக்ஸாஸ்ட்ல பட்டை ரொம்பக் குறுகினா திரும்ப எரியும்.

இதில் எல்லாரும் கோட்டை விடுறது ஆழம். இந்த இன்ஜின்ல வால்வு தலை ஹெட் முகத்துக்கு உள்ளே அடங்கி நிக்கும். வெட்டுறதுக்கு முன்னாடியே டெப்த் கேஜ் வச்சு ஆறையும் அளந்து எழுதிக்கோங்க. ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் வால்வு இன்னும் உள்ள இறங்கும். கம்ப்ரஷன் இடம் பெருசாகி காலை ஸ்டார்டிங் கெடும், நீங்க எதுக்காக ஹெட்டை இறக்கினீங்களோ அதே வியாதி. மேனுவல் எல்லையைத் தாண்டினா வெட்டாம புது சீட் ரிங் போடச் சொல்லுங்க. ரிங்கை இறுக்கப் பொருத்தமா, குளிர வச்சு அழுத்தணும். தளர்வா போட்டு ஓரத்தில் பஞ்ச் அடிக்கிற பட்டறைன்னா ஹெட்டைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுங்க. அது கழண்டு விழுந்தா பிஸ்டனும் போச்சு.

எக்ஸாஸ்ட் மூணும் புதுசு போடுங்க. இன்லெட்டை முகம் அரைச்சு போட்டுக்கலாம். அரைச்சதும் தலை ஓரத்துத் தடிமன் 0.8 மி.மீ.க்குக் குறைஞ்சா தூக்கிப் போடுங்க, கத்தி மாதிரி ஓரம் சூட்டில் நிக்காது.

ஹெட் முகம்: ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வச்சுப் பாருங்க. நீளவாக்கில் 6 தவ், குறுக்கே 3 தவ் வரை பள்ளம் இருந்தா தொடவே வேண்டாம். "சும்மா ஒரு ஸ்கிம்" (முகத்தை மெல்லிசா சீவுறது) போடுற பழக்கம் பட்டறைக்கு உண்டு. ஸ்கிம் போட்டா நாசில் முனை கீழே இறங்கும், வால்வு ஆழமும் மாறும்.

பழைய35:
பேஸ்ட் விஷயம்: சீட் வெட்டி, முகம் அரைச்சு வந்திருந்தா நைஸ் பேஸ்ட் மட்டும் போதும். வட்டமா சுத்தாதீங்க, டிரில்லில் மாட்டவே மாட்டாதீங்க. முன்னும் பின்னும் கால் சுத்து, பத்துத் தடவைக்கு ஒருமுறை தூக்கி இடம் மாத்தணும். அறுபடாத சாம்பல் வளையம் வந்தா நிறுத்திடுங்க. பேஸ்ட்டை டீசல்ல கழுவினா எண்ணெய் போகும், துகள் தங்கும். சோப்புத் தண்ணி போட்டுத் தேய்ச்சு, காத்தடிச்சு, உடனே ஆயில் தடவுங்க. ஸ்பிரிங் பூட்டினதும் போர்ட்டுக்குள்ள மண்ணெண்ணெய் ஊத்தி பத்து நிமிஷம் பாருங்க. சொட்டினா பூட்டாதீங்க.

ஸ்பிரிங்கில் சுருள் நெருக்கமா இருக்கிற முனை ஹெட் பக்கம் வரணும். காலட் பூட்டினதும் தண்டு நுனியில் பிளாஸ்டிக் சுத்தியால் ஒரு தட்டு. சரியா உட்காராத காலட் அங்கேயே கழண்டுடும், ஓட்டத்தில் கழண்டா வால்வு சிலிண்டருக்குள்ள விழும்.

ராக்கர் ஷாஃப்ட் முனையில் ஒரு வெட்டு இருக்கும், பார்த்திருப்பீங்க. அது எந்தக் கோணத்தில் நிக்குதோ அதைப் பொறுத்துத்தான் ராக்கருக்கு ஆயில் போகும். கழட்டும்போது குறி வைக்கலைன்னா மேனுவல் பார்த்து வைங்க. ராக்கரைத் தள்ளுற புஷ்ராடை அட்டையில் ஓட்டை போட்டு வரிசையா சொருகி வச்சிருங்க.

லேத்துக்காரன்:
ஏத்தும்போது கேஸ்கெட்டில் "டாப் ஃபிரன்ட்" எழுத்து மேலே, ரேடியேட்டர் பக்கம். ஸ்டட் மரையை வயர் பிரஷ் போட்டு லேசா ஆயில் தொட்டு வைங்க. காஞ்ச மரையில் ரெஞ்ச் காட்டுற அளவு பொய். ஹெட் நட்டு 55–60 அடி-பவுண்டு. நடுவில் ஆரம்பிச்சு வெளிப்பக்கமா, மூணு சுத்தா: 25, 45, அப்புறம் 58. நாசில் அடியில் பழைய செப்பு வாஷர் ஒட்டிட்டு இருக்கும், தோண்டி எடுத்துட்டு புதுசு ஒண்ணே ஒண்ணு. ரெண்டு வாஷர் விழுந்தா ஸ்பிரே மேல ஏறி, அந்த சிலிண்டர் புகையும்.

டேப்பட்: குளிர்ல 12 தவ், சூட்டில் 10 தவ் (0.25), இன்லெட் எக்ஸாஸ்ட் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஃபயரிங் ஆர்டர் 1-2-3, ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் 240 டிகிரி. கிராங்க் புல்லியில் சாக்பீஸால் சமமா மூணு கோடு போட்டுக்கோங்க. 1-ஐ கம்ப்ரஷன் டாப்ல வச்சு ரெண்டு வால்வையும் வைங்க. முன்பக்கமிருந்து பார்த்து கடிகாரச் சுத்தில் ரெண்டு கோடு தள்ளினா 2, இன்னும் ரெண்டு தள்ளினா 3.

டீசல் லைன்ல இருக்கிற காத்தை எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணி, கவர் மூடுறதுக்கு முன்னாடி ஆறு ராக்கர்லயும் ஆயில் வருதான்னு பாருங்க. தண்ணி சூடேறினதும் நிறுத்தி ஹெட்டை அதே வரிசையில் திரும்ப டைட் பண்ணுங்க. டைட் பண்ணினா டேப்பட் இடைவெளி குறையும், அதனால் அதையும் அப்பவே. 25 மணி நேரம் ஓடினதும் மறுபடி ரெண்டையும். புது சீட் முதல்ல கொஞ்சம் இறங்கும், அந்த 25 மணி நேர செட்டிங்கை விட்டா கேஜ் நுழையாத நிலைமை திரும்ப வரும்.

வண்டல்மண்:
நன்றிண்ணே. எல்லாம் முடிஞ்சும் காலையில் வெள்ளைப் புகை நிக்கலைன்னா?

பழைய35:
இன்லெட் மேனிஃபோல்டில் தெர்மோஸ்டார்ட்னு ஒண்ணு இருக்கு, குளிர் ஸ்டார்ட்டுக்கு டீசல் விடுறது. அதோட வால்வு கசிஞ்சா டீசல் சொட்டி புகை வரும். அதுக்குப் போற பைப்பைக் கழட்டி, முனையை அடைச்சுட்டு ஒரு காலை ஓட்டிப் பாருங்க.