ஏழாம் வாய்ப்பாடு மறுநாள் காலையில் காணாமல் போகிறது

ஏற்காட்டில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது. ஜூன் மாதத்திலிருந்து வீட்டில்தான் பாடம்; நான்காம் வகுப்பு சமச்சீர் புத்தகங்கள். அடுத்து என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்) அடிப்படைக் கல்வியில் ஐந்தாம் வகுப்புக்கு இணையான ‘பி’ நிலையில் சேர்க்கலாம் என்று எண்ணம்.

சிக்கல் இதுதான்: உட்கார்ந்த பத்தாவது நிமிடம் கவனம் போய்விடுகிறது. ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக்கில் ஓர் அணில் ஏறினால் போதும், பென்சில் வாய்க்குப் போய்விடும். அன்று கடகடவென ஒப்பித்த ஏழாம் வாய்ப்பாடு மறுநாள் துளியும் நினைவில் இருப்பதில்லை. மறதிக்காரன் என்றும் சொல்ல முடியவில்லை. சேலத்திலிருந்து மேலே வரும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும் என்பதை எண்ணோடு சொல்கிறான்.

மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அணில் போய் சுவரின் விரிசல் வந்தது. கைப்பேசிக் காணொளிகளை இரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டேன். பத்து முறை எழுத வைத்ததில் கை வலிதான் மிச்சம். 15 நிமிடப் பாடம், 5 நிமிட ஓட்டம் என்று பிரித்தது கொஞ்சம் பயன் தந்தது. மிளகை ஏழேழாகக் கூறு வைத்து எண்ணச் சொன்ன அன்று மட்டும் முக்கால் மணி நேரம் அசையவில்லை. ஆனால் அதே கணக்கு தாளில் வரவில்லை! கண், காது இரண்டையும் சேலத்தில் சோதித்தாயிற்று, குறையில்லை.

மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என இடைவெளி விட்டுக் கேள்வி கேட்கும் முறையை இந்த வயதுப் பிள்ளையிடம் நடத்தியவர்கள், ஒரு நாளைக்கு எத்தனை கேள்விகள் கேட்டீர்கள்?