ஃபோட்டானுக்கு நிறை இல்லை என்றால் ஈ = எம்சி² எப்படிச் சரி?

பிளஸ்டூ_பையன்:
ஒளித்துகளான ஃபோட்டானுக்கு நிறை பூஜ்ஜியம் என்கிறார்கள். ஈ = எம்சி²-இல் (ஈ ஆற்றல், எம் நிறை, சி ஒளியின் வேகம்) எம்முக்குப் பூஜ்ஜியம் போட்டால் ஆற்றலும் பூஜ்ஜியம்தானே? ஆனால் ஈ = எச்நியூ (எச் பிளாங்க் மாறிலி, நியூ ஒளியின் அதிர்வெண்) என்று போட்டு ஒளிக்கு ஆற்றல் உண்டு என்றும் சொல்கிறார்கள். டியூஷனில் கேட்டால் "அது வேற, இது வேற, மார்க் வாங்குற வழியைப் பார்" என்று பதில் வருகிறது. யாராவது விளக்குங்களேன்.

கணக்குப்புலி:
தம்பி, ஈ = எம்சி² நகராமல் நிற்கிற பொருளுக்கான சமன்பாடு. முழுசாக எழுதினால் ஈ² = (பிசி)² + (எம்சி²)². பி என்பது உந்தம். பொருள் நின்றால் பி பூஜ்ஜியம், உனக்குத் தெரிந்த வடிவம் மிஞ்சும். ஃபோட்டானுக்கு எம் பூஜ்ஜியம், அதனால் ஈ = பிசி. இதை எச்நியூவோடு சமன்படுத்திப் பார், பி = எச்/லாம்டா வந்து நிற்கும், லாம்டா என்பது அலைநீளம். பிரெஞ்சு இயற்பியலாளர் டி பிராய் 1924-இல் எலக்ட்ரானுக்கும் பொருத்திய உறவு இதுதான்.

பழைய_வாத்தியார்:
எங்கள் காலத்துப் புத்தகங்களில் வேகம் கூடினால் நிறையும் கூடும் என்றுதான் இருக்கும், அந்தக் கணக்கில் ஃபோட்டானுக்கும் ஒரு நிறை ஒட்டிவிடுவார்கள். கணக்கு உதைக்காது, குழப்பம்தான் மிச்சம். ஐன்ஸ்டைனே 1948-இல் எழுதிய ஒரு கடிதத்தில் அந்த வழக்கம் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

பிளஸ்டூ_பையன்:
அப்போ ஒளிக்கும் நிறைக்கும் சம்பந்தமே இல்லையா அண்ணா?

கணக்குப்புலி:
அங்கேதான் சுவாரசியம். உள்ளே முழுக்கக் கண்ணாடி பதித்த பெட்டியில் ஒளியை அடைத்தால், எல்லாத் திசையிலும் அலையும் ஒளியின் உந்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மொத்தம் பூஜ்ஜியமாகும், ஆற்றல் மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே பெட்டியின் நிறை ஈ/சி² அளவு கூடும். ஐன்ஸ்டைன் 1905 செப்டம்பரில் அனுப்பிய சின்னக் கட்டுரையிலும் இதே வாதம்தான், ஆனால் தலைகீழாக: இரு பக்கமும் சமமாக ஒளியை உமிழும் பொருள் நிறையை இழக்கிறது. இந்தச் சமன்பாடு என்றாலே அணுகுண்டுப் படத்தைப் போடுவது எனக்கு எரிச்சல். புரோட்டானைப் பார், அதன் நிறை 938 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையை இப்படி ஆற்றல் அலகில்தான் சொல்வார்கள்), அதில் புரோட்டானுக்குள் இருக்கும் மூன்று குவார்க்கு என்னும் துகள்களின் சொந்த நிறை சுமார் 9தான். மற்றதெல்லாம் உள்ளே ஓடும் குவார்க்குகள், அவற்றைப் பிணைக்கும் குளுவான்களின் ஆற்றல்.

பிளஸ்டூ_பையன்:
அப்போ சூடான டீ ஆறிப்போன டீயைவிட நிறை அதிகமா?

பழைய_வாத்தியார்:
அதிகம்தான். ஆனால் ஒரு டம்ளருக்கு ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குகூட வராது, ஆவியாகிப் போகிற தண்ணீரே அதைவிடப் பல மடங்கு.