சர்வேயர் சங்கத்துக்கு நடத்தை விதிகள் எழுத உதவி வேண்டும்

வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தனியார் சர்வேயர். 2022 நவம்பரில் கேரளத்தில் டிஜிட்டல் ரீசர்வே (அரசு நிலங்களை நவீனக் கருவிகளால் மறுபடி அளக்கும் வேலை) தொடங்கியதிலிருந்து எல்லைத் தகராறோடு வருபவர்கள் நிறைய.

சமீபத்தில் ஒரு தென்னந்தோப்பு விற்பனை. வாங்குபவர், விற்பவர் இருவரிடமும் ஒரே சர்வேயர் கூலி வாங்கியிருக்கிறார்; ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. வேலியோரம் மண்ணில் பாதி புதைந்து கிடந்த பழைய சர்வே கல்லை விட்டுவிட்டு, வரப்பையே எல்லையாக வைத்து அளந்திருக்கிறார். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

1868-ல் லண்டனில் தொடங்கிய ஆர்ஐசிஎஸ் (RICS) என்ற சர்வேயர்களின் தொழில் அமைப்பில், இப்படி இரண்டு பக்கமும் சம்பந்தம் இருந்தால் முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். மீறினால் விசாரணை, உறுப்பினர் பதவியே போகலாம். சங்கம் என்றால் கூலி நிர்ணயம் மட்டும் இல்லையே!

நாங்கள் சிலர் சேர்ந்து சங்கம் பதிவு செய்யப் போகிறோம். உங்கள் சங்கத்தில் எழுத்து வடிவில் நடத்தை விதிகள் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். புகார்க் குழுவில் சர்வேயர் அல்லாத ஒருவரும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம், இல்லாவிட்டால் ஊர் நம்பாது. அப்புறம், இங்கே ஆவணமெல்லாம் மலையாளத்தில். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த விவசாயிக்கு ஸ்கெட்சை (நில வரைபடத்தை) தமிழில் விளக்கிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்பதையும் விதியாக்க ஆசை. அதை எப்படி எழுதலாம்?