புதுப்பிப்பு: கறிக்கோழித் தீவனத்தில் அமிலம், இந்த பேட்ச் முடிந்தது

போன பேட்ச்சில் கழிச்சல் வந்து, கொட்டகைத் தரையில் பரப்பிய தேங்காய் நார் படுக்கை சொதசொதவென்று ஆனதை எழுதியிருந்தேன். குடலில் கெட்ட பாக்டீரியாவைக் குறைக்க, தீவனத்தில் ஃபார்மிக், புரோப்பியோனிக் அமிலம் சேர்க்கப்போவதாகவும் சொன்னேன். சேர்த்தேன். இந்த முறை படுக்கை கடைசிவரை உலர்ந்தே இருந்தது, பெரிய நிம்மதி. எடையில் மாற்றம் இல்லை.

இந்த அமிலங்கள் அயனிகளாகப் பிரியாமல் முழு மூலக்கூறாக இருக்கும் நிலையில்தான் பாக்டீரியாவுக்குள் நுழையும். இரைப்பையிலும் அரைவைப்பையிலும் அப்படி இருக்கும். குடலில் காரத்தன்மை கூடியதும் பிரிந்துவிடும். அதனால் அடுத்த பேட்ச்சுக்கு, குடல்வரை போய்ச் சேரும்படி மேல்பூச்சு கொடுத்த பியூட்டிரிக் அமிலம் சேர்க்கப்போகிறேன். தீவனத்தில் சுண்ணாம்புத்தூள் கூடினாலும் அமிலம் வீணாகும், அதையும் சரிபார்க்கிறேன்.

அப்புறம், குடிநீரில் அமிலம் விடுபவர்கள் தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். மருந்தின் வீரியம் போய்விடும்.